முடிந்த கதைக்கு மறுபாகம் வேண்டுமா?



ஒரு திரைப்படம் வெற்றி பெற்றுவிட்டால், அதன் பெயருக்குப் பின் 2 என்னும் இலக்கத்தை இட்டு அடுத்த படத்தை அறிவிப்பது இந்நாளில் பெருவழக்காகிவிட்டது. இரண்டாவது ஓடினால் மூன்றாவது வரும். மூன்றாவது ஓடாவிடினும் நான்காவது வருவதுண்டு. கள்ளக்குறிச்சிக் கடைவீதியின் சுவர்களைப் பார்த்து வருபவர்கள் இதனை நன்கு அறிவர். முன்னாளில் சுவரொட்டியைக் கண்ட சிறுவன் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றான். இந்நாளில் அவன் எண்களையும் அதிலிருந்தே கற்றுக்கொள்ளலாம். சிங்கம் மூன்று, காஞ்சனா மூன்று, அரண்மனை நான்கு என எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. இவ்வாறு ஏறிக்கொண்டே போவது முறைதானா, முறையெனின் எதுவரை முறை என்பதே இன்று உங்களோடு நான் எண்ணிப் பார்க்க விரும்பும் பொருள்.

சினிமாவைப் பற்றிப் பேச ஓய்வு பெற்ற தலைமையாசிரியனுக்கு என்ன உரிமை என்று சிலர் கேட்கக்கூடும். கதை எங்கே தொடங்க வேண்டும், எங்கே முடிய வேண்டும் என்பது வகுப்பறையில் நாள்தோறும் எழும் வினா. அந்த உரிமை ஒன்றைக் கொண்டே பேசத் துணிகிறேன்.

மறுபாகம் எழுதுவது தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் இரட்டைக் காப்பியங்கள் என்று நம் முன்னோர் சேர்த்தே வழங்கினர். இளங்கோவடிகள் கோவலன், கண்ணகி வரலாற்றைப் பாடி முடித்தார். சாத்தனார் அதன் தொடர்ச்சியைப் பாடினார். அவர் எடுத்துக்கொண்ட கதைத்தலைவி யார் என்று பாருங்கள். மதுரையை எரித்த கண்ணகியின் புகழ் நாடெங்கும் பரவியிருந்த நிலையில், அவளையே மீண்டும் அழைத்து வந்து மற்றொரு நகரையும் எரிக்கச் செய்திருந்தால் கேட்போர் திரண்டிருப்பர். சாத்தனார் அதனைச் செய்யவில்லை. முதற் காப்பியத்தில் கோவலன் இறந்தான், கண்ணகி தெய்வமானாள், மாதவியின் வயிற்றில் பிறந்த சிறுமியின் கதி என்ன என்னும் வினா மட்டும் எஞ்சி நின்றது. அவ்வினாவைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். கண்ணகி அவருடைய நூலிலும் தோன்றுகிறாள். ஆயினும் கோயிலில் வழிபடப்பெறும் தெய்வமாகவே தோன்றுகிறாள். முதற் காப்பியம் அவளுக்கு அளித்த முடிவு சிறிதும் கலையவில்லை. முன்னதில் சிலம்பு நின்ற இடத்தில் பின்னதில் அமுதசுரபி நிற்கிறது. ஊரை எரித்த தீயைப் பாடிய நூலுக்குப் பின், வயிற்றில் எரியும் பசித்தீயை அவிக்கும் நூல் பிறந்தது. மறுபாகம் என்றால் இப்படியன்றோ இருத்தல் வேண்டும்!

இதற்கு மறுதலையான வழக்கமும் நம்மிடம் உண்டு. கம்பர் இராமனுடைய முடிசூட்டு விழாவோடு தம் காப்பியத்தை நிறுத்தினார். அதன் பின் நிகழ்ந்தவற்றைச் சொல்லும் உத்தர காண்டம் ஒட்டக்கூத்தர் பெயரால் தமிழில் வழங்கி வருகிறது. ஆயினும் ஊர்களில் இராமாயணச் சொற்பொழிவு நிகழ்த்துவோர் பெரும்பாலும் பட்டாபிடேகத்தோடு நிறைவு செய்து, மங்களம் பாடிக் கேட்டோரை வீட்டுக்கு அனுப்புகின்றனர். மேலும் ஒரு காண்டம் உண்டு என்பதை அறியாமல் நிறுத்துவதில்லை. கேட்டவர்கள் நிறைந்த மனத்தோடு எழுந்து போக வேண்டிய இடம் அது என்பதை அறிந்தே நிறுத்துகின்றனர்.

இவ்விரண்டு வழக்கங்களையும் மனத்திற் கொண்டு திரைப்படத்துக்கு வருவோம். இலக்கமிட்ட படங்கள் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்தல் நேர்மையாகாது. அவற்றுள் மூன்று வகை உண்டு.

முதல் வகை, ஒரே கதையை இரண்டாகப் பகுத்துக் காட்டுவது. கல்கி அவர்களின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வெளிவந்து ஐந்து பாகங்களாக விரிந்த புதினம். அதனை ஒரே அமர்வில் காட்டுதல் இயலாது. ஆதலின் மணிரத்னம் 2022-இலும் 2023-இலும் இரண்டு படங்களாக அளித்தார். பாகுபலியின் முதற் பாகம் 2015-இல் ஒரு வினாவோடு நின்றது. கட்டப்பா பாகுபலியை ஏன் கொன்றான் என்று இரண்டு ஆண்டுகள் நாடே கேட்டது. 2017-இல் விடை கிடைத்தது. வெற்றிமாறனின் விடுதலை முதற் பாகத்தில் கடைநிலைக் காவலர் ஒருவரின் கண் வழியே மலைநாட்டுப் போராட்டம் ஒன்றைக் காண்கிறோம்; 2024-இல் வந்த இரண்டாம் பாகத்தில், பிடிபட்ட வாத்தியாரின் வாழ்க்கை வழியே அதே போராட்டத்தைக் காண்கிறோம். இவை மறுபாகங்கள் ஆகா; ஒரே நூலின் இரண்டு அதிகாரங்கள். இவற்றைக் குறைகூற இடமில்லை.

இரண்டாம் வகை, சட்டகம் ஒன்றாகவும் கதைகள் வேறு வேறாகவும் அமைவது. இதுவும் நம் பாட்டிமார் அறிந்த முறையே. விக்கிரமாதித்தன் வேதாளத்தைச் சுமந்து வருவான். அது ஒரு கதை சொல்லும். விடையைக் கேட்டதும் மீண்டும் முருங்கை மரம் ஏறும். சுமப்பவனும் சுமக்கப்படுவதும் மாறுவதில்லை. சொல்லும் கதை மட்டும் ஒவ்வொரு முறையும் புதியது. ஆங்கிலப் படங்களில் ஜேம்ஸ் பாண்டு 1962 முதல் 2021 வரை 25 முறை இவ்வாறே வந்து போனார். தமிழில் ராகவா லாரன்சின் படவரிசை இவ்வகைக்கு நல்ல சான்று. பேய்க்கு அஞ்சும் இளைஞன் ஒருவன், அவனைப் பிடிக்கும் ஆவி ஒன்று, இதுவே சட்டகம். 2007-இல் வந்த முனியைவிட 2011-இல் வந்த காஞ்சனா மேம்பட்டு நின்றதற்குக் காரணம் யாது? நிலத்தைப் பறிகொடுத்துக் கொலையுண்ட திருநங்கை ஒருவரின் துயரத்தை அது சொல்லிற்று. அவ்வேடத்தை சரத்குமார் ஏற்று நடித்தார். பழைய சட்டகத்துள் முன் சொல்லப்படாத ஒரு கதை வந்து அமர்ந்தது. திருநங்கையர் நாடெங்கிலுமிருந்து வந்து கூடும் கூவாகம் எம் மாவட்டத்து ஊர். ஆதலின் எம் பகுதியினருக்கு அக்கதை நெஞ்சில் தைத்ததில் வியப்பில்லை.

எனினும் வேதாளக் கதைகளுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மறத்தலாகாது. அவை 25. இறுதிப் புதிருக்கு விக்கிரமாதித்தனிடம் விடையில்லை. அவன் வாய் திறவாதபடியால் வேதாளம் மரத்துக்குத் திரும்பவில்லை, கதை முடிந்தது. முடிவே இல்லாதது போலத் தோன்றும் கதைவரிசைக்குள்ளும் முடிவை முன்கூட்டியே வைத்துத்தான் அக்காலத்தவர் கட்டினர்.

மூன்றாம் வகைதான் நம் வினாவுக்குரியது. ஒரு கதை நிறைவுற்றது; மக்கள் அதனைப் போற்றினர்; பின்னர் அதே மனிதர்களைக் கொண்டு கதையை மேலே வளர்ப்பது. தமிழில் இதற்கு முற்பட்ட சான்றாகக் கல்யாணராமனைக் கூறுவர். 1979-இல் அப்படம் வந்தபோது நான் ஆசிரியப் பயிற்சி மாணவன். வெகுளியான ஒருவன் கொலையுண்டு ஆவியாகி, உடன்பிறந்தவனின் உடலிற் புகுந்து பழிவாங்கும் கதை அது. 1985-இல் ஜப்பானில் கல்யாணராமன் என்று மறுபாகம் வந்தது. அதற்கு முன்பெல்லாம் வெற்றி பெற்ற படத்தின் பெயரில் ஒரு சொல்லை மட்டும் எடுத்தாளும் வழக்கமே இருந்தது. எமக்கு அண்டை ஊராகிய சேலத்து மாடர்ன் தியேட்டர்சார் 1965-இல் வல்லவனுக்கு வல்லவன் எடுத்தனர்; 1966-இல் வல்லவன் ஒருவன், இரு வல்லவர்கள் என இரண்டு படங்கள் எடுத்தனர். வல்லவன் என்னும் சொல் தொடர்ந்ததேயன்றிக் கதை தொடரவில்லை. பெயர் விளம்பரத்துக்கு உதவிற்று. கதையைப் புதிதாகவே எழுதினர்.

இம்மூன்றாம் வகையில் சிறந்தன இல்லாமல் இல்லை. சத்தியஜித் ராய் 1955-இல் பதேர் பாஞ்சாலியையும், 1956-இல் அபராஜிதோவையும், 1959-இல் அபுர் சன்சாரையும் அளித்தார். சிறுவன் அபு வளர்கிறான், படிக்கப் போகிறான், தாயை இழக்கிறான், மணக்கிறான், மனைவியை இழக்கிறான், தன் மகனைத் தேடி வருகிறான். ஒவ்வொரு படத்திலும் அவன் வேறு மனிதன். இரண்டாவது படமாகிய அபராஜிதோ 1957-இல் வெனிஸ் நகரத் திரைப்பட விழாவின் தலையாய பரிசைப் பெற்றது. அமெரிக்காவில் 1972-இல் வந்த காட்பாதருக்கு 1974-இல் இரண்டாம் பாகம் வந்து, அதுவும் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிசை வென்றது. முதற் பாகத்தில் முதியவராகக் கண்ட தந்தையின் இளமையை ஒருபுறமும், அவர் இடத்தில் அமர்ந்த மகனின் வீழ்ச்சியை மறுபுறமும் அது வைத்துக் காட்டிற்று. இவையெல்லாம் சாத்தனார் சென்ற வழியிற் சென்றவை. முதற் கதை விடாமல் வைத்திருந்த ஒரு கடனை இவை தீர்த்தன.

இனி, தீர்க்கக் கடன் ஏதும் இல்லாதபோது என்ன நிகழ்கிறது என்று பார்ப்போம். சங்கரின் இந்தியன் 1996-இல் வந்தது. அப்படத்தின் வலிமை இலஞ்சத்தை எதிர்க்கும் முதியவரின் வர்மக்கலையில் இல்லை. இலஞ்சம் பெற்றுக்கொண்டு பழுதுற்ற பேருந்துக்குத் தகுதிச் சான்று அளித்து, குழந்தைகளின் சாவுக்குக் காரணமான தம் மகனையே அவர் தண்டிக்கிறார். தாய் தடுக்கிறாள், தந்தை இளகவில்லை. அந்த இடத்தில்தான் படம் நம்மைக் கலங்கச் செய்தது. அது முடியும்போது, வேண்டுமாயின் மீண்டும் வருவேன் என்று அவர் அயல்நாட்டிலிருந்து அறிவிப்பது மெய்யே. ஆதலின் கதவு திறந்துதான் இருந்தது. 28 ஆண்டுகள் கழித்து 2024-இல் அக்கதவு வழியாக அவர் வந்தார். இம்முறை இழப்பு நேர்வது வேறோர் இளைஞனின் வீட்டில். சேனாபதிக்கு இழப்பதற்கு எதுவுமில்லை. அவருடைய கை மட்டும் வந்தது. அன்று நடுங்கிய அந்த நெஞ்சு வரவில்லை. கதவு திறந்திருப்பது வேறு, உள்ளே வர ஒரு காரணம் இருப்பது வேறு என்பதை அப்படத்தின் வாயிலாக அறிந்தோம்.

சந்திரமுகி 2005-இல் வந்து பெருவெற்றி பெற்றது. பேய் என்று எல்லாரும் அஞ்சியது ஒரு பெண்ணின் மனநோய் என்று அது விளக்கிற்று. கங்கா நலம்பெற்றாள், கதை நிறைவுற்றது. 2023-இல் அதே மாளிகையின் கதவை மீண்டும் திறந்தனர். நோய் தீர்ந்த வீட்டுக்கு மருத்துவர் மறுமுறை வருவதானால், நோய் தீரவில்லை என்றல்லவா பொருளாகும்? சிங்கத்தின் துரைசிங்கமோ 2010-இலும் 2013-இலும் 2017-இலும் வந்தார். பகைவர்கள் உள்ளூரிலிருந்து கடல் கடந்தும் ஆஸ்திரேலியா வரையிலும் விரிந்தனர். துரைசிங்கத்தின் உள்ளம் மட்டும் முதற் படத்தில் நின்ற இடத்திலேயே நின்றது.

நன்னூலார் நூலுக்குரிய பத்துக் குற்றங்களை வகுத்தார். அவற்றுள் ஒன்று கூறியது கூறல். இன்னொன்று சென்று தேய்ந்து இறுதல். நன்கு தொடங்கிய நூல் போகப் போக மெலிந்து முடிவது பின்னதன் பொருள். மறுபாகம் எடுப்போர் அனைவரும் தம் மேசைமேல் எழுதி வைத்துக்கொள்ளத் தக்க இரண்டு குற்றங்கள் இவை.

வகுப்பறைச் சான்று ஒன்றையும் கூற விரும்புகிறேன். பாட்டி சுட்ட வடையைக் காக்கை திருடிய கதையையும், அக்காக்கையை நரி ஏமாற்றிய கதையையும் சொல்லிவிட்டு, இதற்கு மேல் என்ன நடந்தது என்று எழுதுமாறு ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்பது என் வழக்கம். பெரும்பாலோர், மறுநாளும் காக்கை வடை திருடிற்று, மறுநாளும் நரி வந்தது என்று எழுதுவர். சிலர் நரியை இரண்டாக்குவர். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படித்த சிறுமி ஒருத்தி மட்டும், வடையை இழந்த பாட்டிக்கு அன்று மாலை அரிசி வாங்கக் காசு குறைந்தது என்று தொடங்கி எழுதினாள். அத்தனை ஆண்டுகளாக அக்கதையைச் சொல்லி வந்தவர் எவரும் பாட்டியைத் திரும்பிப் பார்த்ததில்லை. முதற் கதை யாரை மறந்து போயிற்றோ அவரைத் தேடிப் போவதே மறுபாகம் என்பதை அச்சிறுமி எந்த நூலையும் படியாமலே அறிந்திருந்தாள்.

எதிர்த்தரப்பாரின் சொல்லையும் கேட்க வேண்டும். படம் எடுப்பது பெருஞ்செலவு. வட்டிக்குக் கடன் கொடுப்பவர் உறுதி கேட்கிறார். அறிமுகமான பெயர் என்றால் தொலைக்காட்சி உரிமையும் இணையத் திரை உரிமையும் எளிதில் விலைபோகின்றன; முதல் மூன்று நாள் கூட்டத்துக்கு விளம்பரம் மிகுதியாக வேண்டுவதில்லை. ஒரு படத்தை நம்பி விளக்குத் தொழிலாளியும், தச்சரும், சமையற்காரரும், கொட்டகைப் பணியாளரும் பிழைக்கின்றனர். இவை தள்ளத்தக்க காரணங்கள் அல்ல. மக்களே கேட்கிறார்கள் என்பதும் மெய்யே. ஆங்கில எழுத்தாளர் கோனன் டாயில் 1893-இல் தம் துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்சைக் கதையில் மாளச் செய்தார், வாசகர்கள் விடவில்லை, பத்தாண்டு கழித்து 1903-இல் அவரை உயிரோடு திரும்பக் கொண்டுவர நேர்ந்தது. ஸ்பெயின் நாட்டு செர்வாண்டிசின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. அவருடைய டான் குயிக்சோட் 1605-இல் புகழ்பெறவே, 1614-இல் வேறொருவர் போலி மறுபாகம் ஒன்றை வெளியிட்டுவிட்டார். செர்வாண்டிஸ் அடுத்த ஆண்டே தம் இரண்டாம் பாகத்தை வெளியிட்டு, அதன் இறுதியில் கதைத்தலைவனை இறக்கச் செய்தார். இனி எவரும் அவனை எழுப்பிக்கொண்டு போகலாகாது என்பது அவர் கருத்து.

பிறகு என்ன என்று கேட்பது மனித இயல்பு. கேட்ட போதெல்லாம் கொடுத்தாக வேண்டும் என்பது கட்டாயமில்லை. முன்னே சொன்ன கூவாகத்தில் ஒவ்வொரு சித்திரையிலும் அரவான் கதை நிகழ்கிறது. திருநங்கையர் கூத்தாண்டவரின் பெயரால் தாலி கட்டிக்கொள்கின்றனர். மறுநாள் அரவான் களப்பலியானபின் தாலி அறுத்து, வளையலை உடைத்து, வெள்ளையுடுத்தி அழுகின்றனர். முடிவு அனைவருக்கும் தெரியும். இவ்வாண்டு மட்டும் அரவான் பிழைத்துக்கொள்ளட்டும் என்று எவரும் கதையை மாற்றுவதில்லை. முடிவு இருப்பதால்தான் அந்த அழுகைக்குப் பொருள் இருக்கிறது. ஒரு கதையின் முடிவு அதனைக் கேட்டு அழுதவருக்கும் உரியது. அதனை ஆக்கியவருக்கு மட்டும் உரியதன்று.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் வெறும் இலக்கண ஆர்வம் அன்று. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள சிற்றூரிலிருந்து ஒரு குடும்பம் படம் பார்க்கக் கள்ளக்குறிச்சிக்கு வருவதாயின், ஒருநாட் கூலியை விட்டுப் பேருந்தேறி மலைப்பாதையில் இறங்கி வர வேண்டும். டிக்கெட்டும் தின்பண்டமும் போக்குவரத்துமாக அவர்களின் சில நாள் உழைப்பு செலவாகிவிடும். முன் பார்த்த பெயரை நம்பி அவர்கள் வருகிறார்கள். அந்த நம்பிக்கை பெயருக்கு உரியவர் தேடி வைத்த பொருள். அதனைச் செலவிடும் முன் ஈடாக ஒரு கதையேனும் வைத்திருக்க வேண்டாமா?

இன்னொரு நட்டமும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாதது. ஓர் ஊரில் இருக்கும் கொட்டகைகள் இரண்டோ மூன்றோதான். விழா நாளில் இலக்கமிட்ட பெரும்படம் அவற்றையெல்லாம் பிடித்துக்கொண்டால் புதிய கதைக்கு இடமேது? மணிகண்டனின் காக்கா முட்டை 2015-இல் திரைக்கு வந்தது. மாரி செல்வராசின் பரியேறும் பெருமாளும், நிலமற்ற மலைத் தொழிலாளியின் கனவைச் சொன்ன லெனின் பாரதியின் மேற்குத் தொடர்ச்சி மலையும் 2018-இல் வந்தன. மூன்றும் அவ்வியக்குநர்களின் முதற் படங்கள். மூன்றின் பெயருக்குப் பின்னும் இலக்கம் இல்லை. அவற்றுக்குக் கிடைத்த இடமும் பழைய பெயர்களுக்கே போயிருந்தால் நமக்கு அவை கிடைத்திரா. எம் மலையிலும் இன்னும் எவரும் சொல்லாத கதைகள் பலவுண்டு. அவற்றைச் சொல்லப் போகும் பிள்ளை இன்று ஏதோ ஒரு பள்ளியில் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கலாம். அப்பிள்ளைக்கும் ஒரு கொட்டகை ஒழிந்திருக்க வேண்டும்.

கோமுகி ஆறும் மணிமுக்தாவும் கல்வராயன் மலையிற் பிறப்பவை. வழியில் ஓடைகள் வந்து கலப்பதால் அவை சமவெளியிலும் ஓடுகின்றன. ஊற்றுநீர் ஒன்றையே நம்பினால் மணலில் வற்றிவிடும். கதையும் அவ்வாறே. புதுநீர் வந்தால் ஓடட்டும். வராவிடில் நின்ற இடத்திலேயே நிற்கட்டும்.

ஆகவே மறுபாகமே கூடாது என்று நான் சொல்லவில்லை. அறிவிப்பு வரும்போது நேயர்கள் மூன்று வினாக்களை எழுப்பிப் பார்க்க வேண்டுகிறேன். முதற் கதை எவருக்கேனும் கடன்பட்டு நின்றதா? அக்கடனைத் தீர்க்கையில், நாம் முன்பு ஏற்றுக்கொண்ட முடிவு கெடாமல் இருக்கிறதா? பெயரையும் இலக்கத்தையும் நீக்கிவிட்டாலும் அது தானே ஒரு கதையாக நிற்குமா? மூன்றுக்கும் ஆம் என்று விடை வருமானால் குடும்பத்தோடு போய்ப் பாருங்கள், நானும் வருகிறேன். இல்லையென்று வருமானால், அந்த வாரம் பக்கத்துக் கொட்டகையில் இலக்கமில்லாத புதுப்படம் ஏதேனும் ஓடுகிறதா என்று விசாரியுங்கள். அதற்கு நீங்கள் கொடுக்கும் காசு இன்னொரு புதுக் கதைக்கு முன்பணமாகும்.